பூம்பாறையில் வீடு என்று 18,500 ரூபாயைத் தொலைத்தேன்: மலைக்குக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

18,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதையாவது மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். கொடைக்கானல் மலையில் விடுமுறைக்கு வாடகை வீடு என்று நம்பிக் கொடுத்து, போன சனிக்கிழமை போனது. இன்று வியாழன். ஐந்து நாளாக யாரிடம் கேட்டாலும் அடுத்த ஆளைக் கை காட்டுகிறார்கள்.

நான் மதுரை செல்லூர்க்காரன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் காசாளர். ஐந்நூறு ரூபாய்க் கட்டைப் புரட்டும்போது கள்ள நோட்டு வந்தால் விரல் தானாக நின்றுவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஏமாந்தவன் விவரம் இல்லாதவன், நமக்கெல்லாம் இது நடக்காது என்று கடந்துபோய்விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசை அம்மாவுடையது. மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படிந்து கிடக்கும் படத்தைச் செய்தித்தாளில் போடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வைத்துக்கொள்வார். "68 வயதாகிவிட்டது. இங்கிருந்து 120 கிலோமீட்டர். அதை ஒரு நாள் வெறுங்காலால் மிதித்துப் பார்க்க வேண்டும்" என்றார். அரையாண்டு விடுமுறையின் கடைசி சனி, ஞாயிறு. ஊருக்குள் இருக்கும் விடுதியில் இரைச்சல், மேல்மலைக் கிராமம் ஒன்றில் தனி வீடாக எடுத்தால் அம்மா வெயிலில் உட்காரலாம் என்று மனைவி சொன்னாள். சரி என்று தேடினேன்.

விடுமுறை வீடுகளைப் பட்டியல் போடும் ஒரு செயலி. பெயரைச் சொன்னால் இந்தப் பதிவு நிலைக்காது என்று நண்பர் சொல்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன். பூம்பாறை அருகே கல் வீடு, இரண்டு படுக்கை அறை, சுவரோரம் விறகு எரியும் கணப்பு, ஓர் இரவுக்கு 7,000. பதினோரு பேர் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். செயலி வழியாகவே ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன். பதிலாகத் தன் கைபேசி எண்ணை எழுத்தில் பிரித்துப் பிரித்து அனுப்பினான். அப்படி ஏன் அனுப்ப வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. எண்ணாக அனுப்பினால் செயலி மறைத்துவிடுமாம், இப்போது தெரிகிறது.

பேசினேன். இளைஞன் குரல், மரியாதையான பேச்சு. "அண்ணே, செயலி வழியாகப் போட்டால் கமிஷன், வரி என்று 1,800 ரூபாய் கூடும். எனக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். நேரடியாகத் தந்துவிடுங்கள்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வற்புறுத்தவே இல்லை. "தாராளமாக யோசியுங்கள் அண்ணே. யார் யார் வருகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் மாடி அறை வேண்டாம். கீழ் அறையைத் துடைத்து வைக்கச் சொல்கிறேன். குளியலறைத் தரை கொஞ்சம் வழுக்கும், கோணிச் சாக்கு விரிக்கச் சொல்லிவிடுகிறேன். அம்மா கால் வைக்கும்போது பயப்பட வேண்டியதில்லை."

அந்தக் கோணிச் சாக்கில்தான் நான் விழுந்தேன். தள்ளுபடிக்கு விழவில்லை, படத்துக்கு விழவில்லை. என் அம்மா குளியலறையில் வழுக்கிவிடுவாரோ என்று முகம் தெரியாத ஒருவன் கவலைப்படுகிறான் என்றால் அவன் எப்படிக் கெட்டவனாக இருப்பான்? ஐந்து நாளாக மற்றதையெல்லாம்கூட மறந்துவிடுகிறேன், இதை மறக்க முடியவில்லை. எத்தனை அம்மாக்களுக்கு இதே சாக்கை விரித்திருப்பான்!

முதலில் 1,000 மட்டும் போதும், மீதியை வீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றான். மூன்றாம் நாள், வேறு ஒரு குடும்பம் ஒரு வாரத்துக்குக் கேட்கிறது, உங்களுக்காகப் பிடித்து வைக்க 6,000 வேண்டும் என்றான். பிறகு இ-பாஸ். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது தெரியும், எப்படி எடுப்பது என்பது தெரியாது. "நானே எடுத்துத் தருகிறேன், 500 ரூபாய், எல்லாருடைய ஆதாரையும் படம் எடுத்து அனுப்புங்கள்." அனுப்பினேன். குழந்தைகள் இருவருடையதையும் சேர்த்து அனுப்பினேன். வெள்ளி இரவு விறகு, பால், சமையல் ஆள் என்று சொல்லி மீதி 7,000. பணம் அனுப்பும்போது திரையில் அவன் பெயர் வரவில்லை, ஏதோ கைபேசிக் கடையின் பெயர் வந்தது. கேட்டேன். "தம்பி கடைக் கணக்கு அண்ணே."

மேலே போனால் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அழைப்பு விழாவிட்டால் பதறாதீர்கள் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். எவ்வளவு தெளிவு பாருங்கள்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். வத்தலக்குண்டில் காப்பி, பிறகு மலை ஏற்றம். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே இருக்கும் சோதனைச் சாவடியில் அவன் அனுப்பிய இ-பாஸ் படத்தை நீட்டினேன். ஊழியர் ஸ்கேன் செய்தார், ஒன்றும் வரவில்லை. இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு, "இது யார் கொடுத்தது சார்? ஓரமாக வண்டியை நிறுத்தி உங்கள் போனிலேயே எடுங்கள், காசு கிடையாது" என்றார். எடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒரு பைசா கேட்கவில்லை.

அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? அவனையே அழைத்து விளக்கம் கேட்டேன். "சர்வர் கோளாறு அண்ணே, அந்த 500-ஐக் கழித்துக்கொள்ளலாம்" என்றான். எனக்குச் சமாதானமாகிவிட்டது.

வெட்கக்கேடு இன்னும் இருக்கிறது. மதியம் ஏரிக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அழைத்தான். சாவி கொடுக்கும் ஆள் வேறு, 4,000 வைப்புத்தொகை கணக்கில் ஏறினால்தான் அவன் சாவியைத் தருவான், கிளம்பும்போது திரும்ப வந்துவிடும் என்றான். கையில் தயிர்ச் சாதத்துடன் அனுப்பி வைத்தேன். அந்த ஏரியே மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் சொந்தக் காசைப் போட்டு உருவாக்கியது என்பார்கள். மதுரைப் பணம் அந்த மலையில் கரைவது புதிதல்ல. ஆனால் அவர் காசுக்கு ஏரி நிற்கிறது.

ஆக, 1,000, 6,000, 500, 7,000, 4,000. மொத்தம் 18,500.

வரைபடம் காட்டிய இடம் பூம்பாறைக்குச் சற்று முன்னால் ஒரு மண் பாதையின் முடிவில் இருந்தது. வீடு இல்லை. பூண்டு வயல். வயலோரம் தகரக் கூரை போட்ட ஒரு சாமான் அறை, அதன் வாசலில் குரங்குக் குல்லாவும் கிழிந்த ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர். நாங்கள் இறங்குவதற்கு முன்பே அவர் எழுந்து கையை ஆட்டினார். "கல் வீடா? புகைக்கூண்டு வைத்ததா? அது இங்கே இல்லை ஐயா. கிறிஸ்துமஸ் கழிந்து நீங்கள் மூன்றாவது கார்."

மூன்று பத்துக்கு, "ஐந்து நிமிடம் அண்ணே, ஆள் வந்துகொண்டிருக்கிறான்" என்று செய்தி வந்தது. மூன்று நாற்பதுக்கு பைக் பஞ்சர். நாலரைக்கு அந்த ஆளுடைய பெரியப்பா தவறிவிட்டார். ஐந்தே காலுக்கு, "உங்கள் பணம் ஏழு வேலை நாளில் திரும்பிவிடும், நம்புங்கள்." ஆறு மணிக்கு மேல் நான் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை. சிக்னல் கிடைக்காது என்று சொன்னானே, அதுவும் பொய். வயல் நடுவில் நான்கு கோடும் நிறைவாக இருந்தது.

பெரியவரின் வீட்டம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். அம்மாவைக் கைப்பிடித்துத் தன் வீட்டுக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். அதனால் இரண்டு கிலோ பூண்டு வாங்கினோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. அந்த இரண்டு நாளில் கொடுத்த காசுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சரக்கு அதுதான். வந்தது வந்தாயிற்று, முருகனையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்மா சொல்ல, குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு இருட்டில் கொடைக்கானலுக்குத் திரும்பினோம். ஐந்து பேருக்கும் ஒரே அறை, 5,200 ரூபாய், ஒரு வாளி வெந்நீர் 50 ரூபாய். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

விடியற்காலை ஏரிக்கரைக்குப் போனோம். மேகம் மூடிய இரவில் உறைபனி படியாதாம், வானம் தெளிவாக இருக்க வேண்டுமாம். அம்மா ஈரப் புல்லைச் செருப்புக் காலோடு தொட்டுவிட்டு வந்துவிட்டார். மேகத்துக்கு அவன் பொறுப்பில்லை, ஆனாலும் அதை அவன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

பிறகு அலைச்சல். செயலியின் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று பேரும் "உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று தொடங்கி, எங்கள் வழியாகப் பணம் செலுத்தாததால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று முடித்தார்கள். சரி, பணம் வேண்டாம், அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். ஆய்வில் இருக்கிறதாம். என் கணக்கு இருக்கும் வங்கியில், "நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம் சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்தொன்பது ஆண்டாக நான் சொல்லிவரும் வாக்கியம். கேட்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு காவல் நிலையத்தில் பணம் எந்த ஊரில் போனது என்று கேட்டார்கள். நான்கு தவணை மதுரையில், ஒன்று கொடைக்கானலில் என்றேன். அப்படியானால் இங்கே கொடுப்பதா அங்கே கொடுப்பதா என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

திங்கள் இரவுதான் இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார். ஆனால் அதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் முடக்க முடியும். அந்த வயலில் நின்றபடியே அழைத்திருக்க வேண்டும், நானோ அவனுடைய பஞ்சர் சரியாகும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று என் மகள், ஒன்பதாம் வகுப்பு, அந்த வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, கூரையைப் பாருங்கள்" என்றாள். வலது மூலையில், புகைக்கூண்டுக்கு அடியில், அரை அடி உயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கிறது. கொடைக்கானலில் படிவது உறைபனி. புல் மேல் உப்பைத் தூவியதுபோல் கிடக்கும், வெயில் ஏறினால் போய்விடும். கூரை மேல் பஞ்சு மூட்டை மாதிரிக் குவிவதற்கு அங்கே வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. எங்கோ இமயமலைப் பக்கத்து வீடு அது. அந்தப் படத்தை நான் குறைந்தது நாற்பது முறை பார்த்திருப்பேன். கள்ள நோட்டைத் தொட்டே சொல்லும் கை!

எச்சரிக்கைகளை வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வேலைக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக: செயலிக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை, நீங்களே எடுங்கள். ஆதார் கொடுத்தே தீர வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். திரையில் வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930.

அந்த விளம்பரம் நேற்று இரவு வேறு பெயரில், 6,500 ரூபாய்க்கு மறுபடி வந்திருக்கிறது. படத்தின் வலது ஓரத்தை வெட்டிவிட்டான், பனி தெரியாது. புகைக்கூண்டு மட்டும் பாதியில் அறுந்து நிற்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.