முன் வண்டியா, பின் வண்டியா?

அமெரிக்காவில் அளவு மீறிய சரக்கு லாரிகளுக்கு முன்னேயோ பின்னேயோ துணையாகப் போகும் பைலட் கார் ஓட்ட வருபவர்கள், முதல் சில மாதம் பின் வண்டியில் போவது நல்லது. ஆம்பர் விளக்கு, ‘ஓவர்சைஸ் லோட்’ பலகை, சிபி ரேடியோ (ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் பேசும் கருவி), கொடி, தீயணைப்பான் எல்லாம் இரண்டுக்கும் பொது. சான்றிதழ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பின் வண்டிக்குப் பெரும்பாலும் பல லேன் சாலைகளில்தான் வேலை. லாரி லேன் மாற வேண்டுமென்றால் நாம் முதலில் அந்த லேனுக்குப் போய் அடைத்துக்கொண்டு, “வரலாம்” என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். டயர், கட்டுச் சங்கிலி, திருப்பத்தில் வால் எங்கே உரசுகிறது என்பதிலும் கண் இருக்க வேண்டும்.

முன் வண்டி கடினம். குறுகிய பாலம், எதிரே வரும் வாகனம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சரக்கு உயரமென்றால் ஹைட் போலும் சேரும். தாழ்வான பாலம் இருந்தால் லாரிக்கு முன்பே தட்டிக் காட்ட, முன் வண்டியில் நிமிர்த்தி வைக்கும், மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸ் கம்பி அது. சரக்கின் உச்சியைவிட வழக்கமாக 3 முதல் 6 அங்குலம் உயர்த்தி வைப்பார்கள். பெர்மிட்டில் உள்ள உயரத்தை நம்பாமல், தினமும் கிளம்பும் முன் சரக்கையும் கம்பியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வேகத்தில் காற்று கம்பியைப் பின்னுக்கு வளைக்கும், முனை தாழும், வைத்த இடைவெளி அதிலேயே கரைந்துவிடும். இன்னொன்று: லாரிக்கு மிக அருகே ஓடினால், கம்பி பாலத்தில் தட்டிய சத்தம் கேட்டு நீங்கள் சொல்வதற்குள் லாரி பாலத்தடிக்கு வந்திருக்கும்.