பார்க்கர் 51 வேக்குமேட்டிக், 51 ஏரோமெட்ரிக், 21: பாகம் வாங்கும் முன் எது எதுவென்று பிரித்தறிதல்

பார்க்கர் நிறுவனத்தின் இந்தப் பழைய மைப்பேனாக்கள் மூன்றையும் மூடியோடு மேசையில் வைத்தால் ஒரு தாய் பிள்ளைகள் போலத் தெரியும். மூன்றிலும் நிப்பின் பெரும்பகுதியை மறைக்கும் முன்கூடு (ஹூட்), மூன்றிலும் தள்ளிப் போடும் உலோக மூடி. அதனால்தான் 'பார்க்கர் 51 பாகம்' என்று மட்டும் கேட்டு வாங்கியவை பல நேரம் பொருந்தாமல் போகின்றன. உள்ளே இவை மூன்றும் வேறு வேறு இயந்திரங்கள்.

நிப்பை விட்டுவிட்டுப் பேனாவின் பின்முனையைப் பாருங்கள். பேரலின் (பேனாவின் பின்பாதி உடல்) கடைசியில் மயிரிழை போல ஒரு வளையக்கோடு இருந்து, அந்தத் துண்டு (பின்மூடி) தனியாகத் திருகிக் கழன்று, உள்ளே அழுத்தும் தண்டு தெரிந்தால் அது வேக்குமேட்டிக். அமெரிக்காவில் 1941 முதல் 1948 வரை வந்த வகை. அந்தக் கோடே இல்லாமல், பேரல் முழுதும் நடுவளையத்துக்கு அருகிலிருந்து கழன்று, உலோகக் காப்புக்குள் மைப்பை தெரிந்தால் ஏரோமெட்ரிக் அல்லது 21. மெதுவாகத் திருகியும் பேரல் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வேக்குமேட்டிக்கின் பேரல் அப்படிக் கழலவே கழலாது. பலம் காட்டினால் முன்கூடுதான் விரியும்.

ஏரோமெட்ரிக்கையும் 21-ஐயும் பிரிப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தங்க நிப் என்றால் 51, வெள்ளை நிப் என்றால் 21 என்ற கணக்கு தவறு. 51 ஸ்பெஷல் என்ற மலிவுப் பதிப்பிலும் ஆக்டேனியம் என்ற வெண்ணிற உலோக நிப்தான். நம்பத்தக்க அடையாளம் மைப்பையின் காப்பு. 51-இல் அது பையைச் சுற்றிலும் மூடிய குழாய், அழுத்தும் பட்டைக்கு மட்டும் ஒரு சாளரம் வெட்டியிருக்கும். 21-இல் பக்கம் திறந்த வளைந்த தகடு. நிப்பும் மாற்றிப் போட முடியாது. 51-இன் நிப் முழுக் குழாய் வடிவம், ஃபீடின் (மையை நிப்புக்குக் கொண்டுவரும் பாகம்) மேல் மோதிரம் போல ஏறும். 21-இன் நிப் அப்படியில்லை.

வேக்குமேட்டிக்கில் கெடுவது பெரும்பாலும் ஒன்றுதான், ரப்பர் டயாஃப்ரம், அதாவது தண்டை அழுத்தி விடும்போது மையை உள்ளே இழுக்கும் சவ்வு. தண்ணீரில் முனையை வைத்துத் தண்டைப் பத்து முறை அழுத்துங்கள். குமிழியே வராவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது இறுகிப்போயிருக்கும். அதை மாற்ற, பம்பின் (தண்டும் டயாஃப்ரமும் சேர்ந்த அமைப்பு) மரையைச் சேதமில்லாமல் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். குறடு போட்டால் மரை நசுங்கி, பின்மூடி மறுபடி ஏறாது. பழைய டயாஃப்ரத்தின் நுனியில் உள்ள சிறு குண்டு, தண்டின் முனைக் குழியில் சிக்கிக் கிடக்கும். தண்டு பிளாஸ்டிக்காக இருந்தால் குழியின் விளிம்பு எளிதில் உடையும். குண்டைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுங்கள். புதிய டயாஃப்ரத்தை வாங்கும்போது வேக்குமேட்டிக் குடும்பத்தில் பம்பு அளவுகள் பல உண்டு என்பதை மறக்கக் கூடாது. கழற்றிய பம்பை அளந்துவிட்டு வாங்குவதே சரி. பொருத்தும்போது ரப்பருக்கு டால்கம் பவுடர் தடவுங்கள். இல்லாவிட்டால் பம்பைத் திருகும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிறகு முன்பக்கத்திலிருந்து விளக்கடித்து, முறுக்கு இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ஃபீடிலிருந்து உள்ளே நீளும் மெல்லிய காற்றுக்குழாயையும் கவனியுங்கள். வேக்குமேட்டிக்கில் அது நீளமாக இருந்தால் டயாஃப்ரத்தைக் குத்திக் கிழிக்கும், குட்டையாக இருந்தால் பேனா அரைகுறையாகத்தான் நிரம்பும். ஏரோமெட்ரிக்கின் காற்றுக்குழாயை இதற்குப் போட நினைக்காதீர்கள், அதன் நீளம் வேறு.

ஏரோமெட்ரிக்கின் மைப்பை ரப்பர் அல்ல, பி.வி.சி. பல பத்தாண்டுகள் கழித்தும் பழுப்பேறியிருக்குமே தவிர வளையும் தன்மை போகாது. நிறத்தைப் பார்த்துப் பயந்து மாற்ற வேண்டாம். ஆறு முறை அழுத்தியும் சில துளிதான் ஏறினால், பையைவிடக் காற்றுக்குழாய் அடைபட்டோ உடைந்தோ இருக்கவே வாய்ப்பு அதிகம். பை நன்றாக இருக்கும்போது காப்புக் குழாயை உருவாதீர்கள். டெமி என்ற குட்டை வடிவமும் உண்டு. அதற்கு முழு அளவு 51-இன் பேரலையோ காப்பையோ வாங்கினால் பணம் வீண்.

21-இன் பலவீனம் முன்கூடு. 51-இன் உடல் லூசைட் என்ற அக்ரிலிக், 21-இன் உடல் பாலிஸ்டைரீன். நிப்பின் வாயருகே நீளவாக்கில் விரிசல் விழுந்த 21-கள் ஏராளம். 51-இன் கூடு இதற்கு ஏறாது. இன்னொரு 21-இலிருந்து கழற்றித்தான் போட வேண்டும், அதுவும் நாளை விரியலாம். அதனால் விரிசல் விழுந்த 21-ஐப் பழுதுபார்க்க எடுக்காதீர்கள், பாகங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டைக் கழற்றும்போது அதை ஒட்டியிருக்கும் அரக்கு இளக ஹேர் டிரையரின் மிதமான சூடு போதும், அதையும் ஒரே இடத்தில் காட்டாமல் சுழற்றிக்கொண்டே இருங்கள். ஸ்பிரிட் எதையும் ஊற்றாதீர்கள், அக்ரிலிக்கில் நுண்விரிசல் ஓடிவிடும்.

முன்கூட்டில் நிப்புக்கு மேல் சிறிய உலோக அம்பு பதித்திருந்தால் அது இந்த மூன்றுமே இல்லை. 1956-இல் வந்த 61. அதன் முதல் வடிவம் அழுத்தாமலேயே நுண்துளை ஈர்ப்பால் மை உறிஞ்சும். 51-இன் மைப்பையும் காப்பும் அதற்கு உதவாது.

எழுதுவதற்கு ஒன்று வேண்டுமென்றால் முழு அளவு ஏரோமெட்ரிக். தண்டு உடையாத வேக்குமேட்டிக், கருவியும் பொறுமையும் உள்ளவருக்கு அதே அளவு நம்பகமானது. தண்டு உடைந்து, பின்மூடியும் காணாமல் போயிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். பேரலில் '51' என்ற பெயரோடு பொறித்த ஒற்றை இலக்கமும் புள்ளிகளும் தயாரிப்புக் காலத்தைச் சொல்லும். இலக்கம் ஆண்டின் கடைசி எண். காலாண்டுக்கு ஒன்றாகப் புள்ளி குறையும்; மூன்று புள்ளி முதல் காலாண்டு, புள்ளியே இல்லையென்றால் கடைசிக் காலாண்டு. வேக்குமேட்டிக்கில் 5 என்ற இலக்கமும் ஒரு புள்ளியும் இருந்தால் 1945-இன் மூன்றாம் காலாண்டு.