கீழ்த்தாடை எலும்பு கரைந்தவர்களுக்கு: கழற்றும் பட்டன் செட்டா, கழற்ற முடியாத நிலைப்பல்லா?

பல்செட் போடுபவர்களுக்கு இது தெரியும். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருக்கும். படுத்துவது கீழ் செட்தான். நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். கொய்யாப்பழம் தின்றால் ஒரு விதை அடியில் போய் உட்கார்ந்து உயிரை எடுக்கும். பதினாறு வருடம் இப்படியே ஓட்டிவிட்டு, 63 வயதில்தான் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர், பற்றிக் கேட்கப் போனேன். "எலும்பு ரொம்பக் கரைஞ்சு போச்சேம்மா, முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் சொல்வதுதான்.

பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை, அதனால் கரைகிறது. மேலே செட் வைத்து அழுத்தினால் இன்னும் கரையும். கீழ்த்தாடையில்தான் சேதம் அதிகம். பல்செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்து 1972ல் வெளியிட்ட டால்கிரனின் ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது.

தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு எலும்புக்குள்ளேயே ஓடி, முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்தருகே இரண்டு பக்கமும் ஒரு சிறு துளை வழியாக வெளியே வருகிறது. மேலே உள்ள எலும்பு கரையக் கரைய, அந்தத் துளை ஈறுக்கு நேர் அடியில் வந்துவிடுகிறது. இடப்பக்கம் பக்கோடாவைக் கடித்தால் உதடு வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஏன் சுரீர் என்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல சேதியும் அதே படத்தில் இருந்தது. அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே, முகவாய்க்கு நேர் மேலே, எனக்கு இன்னும் 14 மில்லிமீட்டர் எலும்பு மிச்சம். பின்பக்கம் தீர்ந்துபோன பலருக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்குமாம்.

கன்ன எலும்பில் போடும் சைகோமா இம்பிளான்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 30 மில்லிமீட்டரில் தொடங்கி 50க்கு மேலும் நீளும் அந்தத் திருகு மேல்தாடைக்கு மட்டும்தான். மூக்கருகே உள்ள காற்றறையின் அடியை உயர்த்தி எலும்பு சேர்க்கும் சைனஸ் லிஃப்டும் அப்படித்தான். எனக்கு மேலே தொந்தரவு இல்லாததால் அந்தப் பேச்சு இதில் இல்லை.

எலும்பு ஒட்டுவதையும் சீக்கிரம் தாண்டிவிடலாம். இடுப்பிலிருந்தோ தாடையின் பின்மூலையிலிருந்தோ எலும்பு எடுத்து ஒட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, அதற்கப்புறம் இம்பிளான்ட். கீழ்த்தாடையில் உயரம் கூட்டுவது இருப்பதிலேயே கஷ்டமான வேலை, ஒட்டியதிலும் ஒரு பகுதி திரும்பக் கரையும். முன்னால் எலும்பு இருக்கும்போது எனக்கு எதற்கு இரண்டு ஆபரேஷன்?

"மூன்று நாளில் பல்" என்று விளம்பரம் வருகிறதே, பேசல் இம்பிளான்ட், அதையும் விசாரித்தேன். தாடையின் அடியில் இருக்கும் கெட்டியான எலும்பில் போய்ப் பிடிக்கும் ஒரே துண்டுத் திருகு. எலும்பு குறைந்தவர்களுக்கென்றே சொல்லப்படுவது, காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆனால் பல் மருத்துவர்களிடையே இதில் ஒத்த கருத்து கிடையாது. எனக்கு உறுத்தியது வேறு. பல எண்ணிக்கையில் போட்டு, மேலே பல்வரிசையை ஒரே பாலமாகச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள். நடுவில் ஒன்று ஆடினால் பாலத்தையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம். போட்டு நன்றாக இருப்பவர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருவரும் இல்லை, அதனால் இதற்கு மேல் பேச மாட்டேன்.

ஆக மிஞ்சியவை இரண்டு.

முதலாவது ஆல் ஆன் ஃபோர் என்ற நிலைப்பல். போர்ச்சுகலின் பாலோ மாலோ 1990களின் கடைசியில் கொண்டுவந்த முறை. முன்பகுதியில் நாலு இம்பிளான்ட். முன்னிரண்டு நேராக, பின்னிரண்டு நரம்புத் துளையை ஒதுக்கி 45 டிகிரி வரை சாய்வாக. மேலே ஒரு வரிசைப் பல்லைத் திருகி முடுக்கிவிடுவார்கள், எலும்பு ஒட்டத் தேவையில்லை. சொந்தப் பல் மாதிரியே இருக்கும், எதுவும் ஈறை அழுத்தாது. இம்பிளான்ட் பல வருடம் நீடிக்கவும் கூடும். ஸ்வீடனின் பிரோனமார்க் 1965ல் முதன்முதலாக ஒருவருக்குக் கீழ்த்தாடையில் வைத்த டைட்டானிய இம்பிளான்ட்கள் அவர் 2006ல் இறக்கும் வரை வேலை செய்தன. எனக்குச் சொன்ன செலவு, இரண்டாவது வழியைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இரண்டாவது, நான் போட்டுக்கொண்டது. முன்னால் இரண்டே இரண்டு இம்பிளான்ட். அவற்றின் தலையில் பொத்தான், செட்டின் அடியில் அதற்கேற்ற நைலான் மூடி. ரவிக்கைக்கு வைக்கும் பிரஸ் பட்டன்தான். டிக் என்று உட்காரும், இரண்டு கட்டைவிரலால் நெம்பினால் வரும். இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். 2002ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் மனசு இதன் பக்கம் சாய்ந்தது அதனாலும் இல்லை, பணத்தாலும் மட்டும் இல்லை. என் மாமியார் கடைசி நாலு வருடம் படுக்கையில் இருந்தார். ராத்திரி அவருடைய செட்டைக் கழற்றி, வாஷ்பேசினில் கழுவி, டம்ளர் தண்ணீரில் போடுவது என் வேலை. மொத்தம் இரண்டு நிமிடம். அதே சமயம் எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை நிலைப்பல் போட்டிருந்தார். திடமாக இருந்தவரை அவரே தினமும் கண்ணாடி முன் நின்று, பாலத்துக்கு அடியில் தடித்த நூலை நுழைத்து இழுப்பார், தண்ணீர் பீய்ச்சும் கருவியால் அடிப்பார். பக்கவாதம் வந்து வலக்கை போனதும் அது நின்றது. மருமகள் பாவம், பிரஷ்ஷால் மேலாகத் தேய்ப்பாள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் அந்த இடுக்கை இன்னொருவர் வாயில் எப்படிச் சுத்தம் செய்வது? நாற்றம், ஈறு வீக்கம், அப்புறம் இம்பிளான்டைச் சுற்றிச் சீழ். டாக்டர் திருகைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும், அதற்கு அத்தையை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமே!

எனக்கும் எண்பது வரும். அன்றைக்கு என் வாய்க்குள் கை விடப்போவது யார் என்று யோசித்தேன். கழற்ற முடிந்தால் யாராலும் கழுவ முடியும். மிச்சம் இருப்பது இரண்டு பொத்தான், மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செட்டின் பின்பக்கம் இப்போதும் ஈறில்தான் உட்காருகிறது. நரம்பு இருக்கும் இடத்தில் செட்டின் அடியைக் குடைந்து கொடுத்தார்கள், சுரீர் முக்கால்வாசி போய்விட்டது, முழுக்கப் போகவில்லை. அந்த வலிதான் உங்களுடைய பெரிய தொல்லை என்றால், கை நடுங்காத வயது என்றால், நிலைப்பல் பக்கம் போங்கள். பின்பக்க எலும்பு இன்னும் கரையும், சில வருடத்துக்கு ஒருமுறை செட்டுக்கு அடியில் புது அடுக்கு கொடுக்க வேண்டும். நைலான் மூடியும் தேயும். எனக்கு இரண்டு தடவை மாற்றியாயிற்று, ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய், பத்து நிமிடம். அதில் நீலம் இளக்கம், இளஞ்சிவப்பு நடுத்தரம், நிறமில்லாதது நல்ல இறுக்கம். முதலில் இறுக்கமானதைக் கேட்டு வாங்கிவிட்டு, கழற்ற முடியாமல் குளியலறையில் அழாத குறையாக நின்றேன். இப்போது நீலம்தான்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயத்தை மறைக்காதீர்கள். எனக்குச் சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4 இருந்ததை 7க்குக் கீழே இறக்கிய பிறகுதான் தொட்டார்கள். எலும்புத் தேய்வுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) வாரம் ஒருமுறை மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும்.

மூன்று வருடம் ஆகிறது. முறுக்கு தின்கிறேன், தேங்காய்ச் சில்லை மட்டும் துருவிக்கொள்கிறேன். பத்தாம் வருடம் எப்படி இருக்கும் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. இம்பிளான்ட்டின் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கரை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். பின்னால் "நீல மூடி" என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். மருமகளிடமும் இடத்தைக் காட்டிவிட்டேன்.