டேன்கிராமா, பென்டோமினோவா, சோமாவா? பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய எந்த மரப்புதிர்?

9 வயது மகளையும் 6 வயது மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மரப்புதிர்களைச் செய்து முடித்துவிட்டோம். முதலில் டேன்கிராம், அடுத்து சோமா கனசதுரம், கடைசியாகப் பென்டோமினோ (ஐந்தைந்து கட்டைகளை ஒட்டிய துண்டுகளை ஒரு தட்டுக்குள் அடுக்கும் புதிர்). எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சோமா என்பேன். விளையாடுவதற்கு மூன்றுமே அருமையானவை, அதில் போட்டி இல்லை. பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய எது தோது என்பதுதான் இங்கே என் கவலை.

டேன்கிராம்தான் பார்க்க எளிது. ஒரு சதுரப் பலகை, ஏழு துண்டுகள், முடிந்தது. வரைவதுகூட இன்பமான வேலைதான்: காகிதத்தை மடித்து மடித்தே எல்லாக் கோடுகளையும் எடுத்துவிடலாம். முழுச் சதுரத்தை 16 பங்காக நினைத்தால் பெரிய முக்கோணங்கள் தலா 4 பங்கு, நடு முக்கோணமும் சதுரமும் இணைகரமும் தலா 2, சின்ன முக்கோணங்கள் தலா 1. சின்ன முக்கோணங்கள் இரண்டை மற்றவற்றின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, "மூணும் வேற வேற மாதிரி இருக்கு, ஆனா ஒரே அளவுப்பா" என்று மகள் தானாகவே கண்டுபிடித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே டேன்கிராமை மதிக்கிறேன்.

ஆனால் ரம்பத்தை எடுத்ததும் கதை மாறியது. மெல்லிய அலகுள்ள ரம்பத்தால் வளைவாக அறுப்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். நேர்கோட்டில் அறுப்பதுதான் கடினம். டேன்கிராமிலோ எல்லாமே நேர்கோடு. 100 மி.மீ. சதுரத்தில் துண்டுகளின் பக்கங்கள் 100, 70.7, 50, 35.4 என்று இறங்கும். ஒன்று பிசகினால் அதோடு சேர வேண்டிய பக்கமும் சேராது. கூர்முனைகளில் பிளைவுட் பிய்ந்துகொண்டது. உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்கத் துண்டு சிறுத்தது. கடைசியில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நானே வேறு பலகையில் எல்லாவற்றையும் புதிதாக அறுத்தேன். காலையில் மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நான் செஞ்சது இல்லையே" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

அந்த வருத்தத்தில்தான் சோமாவுக்குப் போனோம். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் 1930களில் உருவாக்கிய புதிர் இது. மூன்று அல்லது நான்கு கனக்கட்டைகளை நேர்வரிசையாகவோ 2×2 சதுரமாகவோ இல்லாமல் ஒட்டினால் ஏழே வடிவங்கள்தான் வரும்: மூன்று கட்டைகளில் ஒன்று, நான்கு கட்டைகளில் ஆறு. மொத்தம் 27 கட்டைகள். ஏழையும் சேர்த்தால் 3×3×3 கனசதுரம். சுழற்றியும் கண்ணாடி பிம்பமாக மாற்றியும் வருபவற்றைக் கழித்துவிட்டால் அதைச் சேர்க்க 240 வழிகள் இருக்கின்றன.

செய்யும் வேலை என்று பார்த்தால் அறுப்பதே இல்லை. ஒரே அளவாக அறுத்த 20 மி.மீ. கட்டைகளை வாங்கி ஒட்டினால் போதும். மொத்தம் 20 ஒட்டுகள்தான். கோணல் வந்தால் பசை காய்வதற்குள் பிரித்துத் திருப்பி ஒட்டலாம். அறுத்த மரத்தை அப்படித் திருப்ப முடியாதே! மகனுக்கு இது உடனே நடந்தது. ஏழில் இரண்டு துண்டுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம், வலக்கையும் இடக்கையும் போல. அவன் வலக்கையையே இரண்டு செய்துவிட்டான். அக்கா ஒரு முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஈரம் காய்வதற்குள் பிரித்து மாற்றியாயிற்று.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இன்னொரு விஷயம்: பிழை எத்தனை முறை கூடுகிறது என்பது. கட்டை என்றால் எல்லாம் ஒரே அளவில் வராது. ஒவ்வொரு கட்டையும் 0.3 மி.மீ. பெரிதாக இருக்கிறது என்று வையுங்கள். சோமாவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசைக்கு மூன்றே கட்டைகள், ஆகவே பிழை 1 மி.மீ.க்குள் அடங்கிவிடும். சுற்றிலும் சட்டமும் கிடையாது. கொஞ்சம் கூடினாலும் கனசதுரம் சற்றுப் பெரிதாக நிற்கும், அவ்வளவுதான். பென்டோமினோவில் அதே பிழை பத்துக் கட்டை வரிசையில் 3 மி.மீ. ஆகிவிடும், தட்டுக்குள் கடைசித் துண்டு இறங்காது. டேன்கிராமில் ஒவ்வொரு பக்கத்திலும் கோணத்திலும் தெரியும்.

இந்தப் பிழையையும் பிள்ளைகளே குறைக்கலாம். ஒரு பலகையில் இரண்டு நேர்ச்சட்டங்களை ஒரு கட்டை நுழையும் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அந்தச் சந்துக்குள் ஒவ்வொரு கட்டையையும் மூன்று பக்கமும் திருப்பித் தள்ளிப் பார்ப்பது 6 வயதுக்காரனுக்கு அரை மணி நேரக் கொண்டாட்டம். சிக்கியவை ஒரு குவியல், ஆடியவை ஒரு குவியல், சரியானவை மட்டும் புதிருக்கு. அதனால் 27க்குப் பதில் 40 கட்டைகளாவது வேண்டும். ஒட்டும்போது மூலைச் சட்டத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதில் அணைத்து வைத்து ஒட்டினால் சாயாது. அழுத்திப் பிடிக்க ரப்பர் பேண்ட் போதும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. கட்டையின் ஆறு முகங்களில் இரண்டு, மர ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே அறுபட்டவை. அவை பசையை உறிஞ்சிக்கொள்வதால் ஒட்டு பலமாக இராது. கட்டைகளைத் திருப்பி வைத்து ஆறு துண்டுகளில் அந்த முகங்களைத் தவிர்த்துவிடலாம். நடுக்கட்டையின் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பக்கத்திலும் ஒவ்வொன்று முளைத்த துண்டில் மட்டும் தவிர்க்கவே முடியாது, ஓர் ஒட்டு அந்த முகத்தில்தான் விழும். எங்களுக்கு உடைந்ததும் அதுதான், மேசையிலிருந்து விழுந்த முதல் தடவையே. பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது என்பதால் மரம் தெரியும்வரை தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பசை தடவி உறிஞ்சவிட்டு, மறுபடி தடவி ஒட்டினோம். இன்றுவரை பிரியவில்லை.

பென்டோமினோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஐந்து சதுரங்களைச் சேர்த்தால் வரும் வடிவங்கள் 12, மொத்தம் 60 கட்டைகள். 6×10 தட்டை நிரப்ப 2339 வழிகள், 3×20 தட்டை நிரப்ப இரண்டே வழிகள் என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. ஆனால் கிட்டத்தட்ட 50 ஒட்டுகள். பாதியிலேயே தம்பிக்குச் சலித்துவிட்டது. செய்வதாக இருந்தால் தட்டைக் கடைசியில் செய்யுங்கள், முடிந்த துண்டுகளை அடுக்கி அளந்துவிட்டு.

ஆறு குச்சிகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் பர் புதிரையும் தொட்டுப் பார்த்தேன். உளி வேலை, இறுக்கமான காடிகள். ஒரு குச்சியோடு நிறுத்திவிட்டதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெரிய பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கலாம்.

வண்ணத்திலும் என் அனுபவம் கொஞ்சம்தான். கெட்டிப் பெயின்ட் கட்டையின் அளவைக் கூட்டிவிடும் என்பதால் நீர்த்த சாயமே போட்டோம், ஒரே ஒரு செட்டுக்கு. வலக்கைத் துண்டு சிவப்பு, இடக்கைத் துண்டு நீலம். எது எது என்று இப்போது தம்பிதான் அக்காவுக்குச் சொல்கிறான்.