ரோம் எந்திர யுகத்தில் நுழைந்திருந்தால்: நீராவி உருண்டையா, பற்சக்கரப் பெட்டியா, கல்லறுக்கும் ரம்பமா?

எந்திரங்கள் ஓடும் ஒரு ரோமப் பேரரசைக் கற்பனை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரலாற்றைத் திருப்புகிறார்கள்: எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹெரோன் விவரித்த நீராவி உருண்டை. "அதோடு ஒரு பிஸ்டனைச் சேர்த்திருந்தால் போதுமே" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். அந்தக் கால மத்தியதரைக் கடல் உலகின் கையில் இருந்த மூன்று எந்திரங்களை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. என் அளவுகோல் ஒன்றுதான்: எந்திரத்தைப் பார்த்த ஒருவன், "எனக்கும் ஒன்று செய்து கொடு" என்று கேட்டிருப்பானா?

நீராவி உருண்டையைப் பார்த்தவன் கேட்டிருக்க மாட்டான். கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அமைப்பு எளிது. மூடிய கொப்பரையில் தண்ணீர் கொதிக்கும். நீராவி குழாய் வழியே ஏறி உள்ளீடற்ற ஓர் உருண்டைக்குள் போய், எதிரெதிராக வளைந்த இரண்டு மூக்குகளில் சீறி வெளியேறும். உருண்டை சுழலும். தீபாவளிச் சங்குசக்கரம் சுற்றுவதும் இதே தத்துவத்தில்தான். வேகம் உண்டு, பாரம் இழுக்கும் வலு இல்லை. குழாயும் உருண்டையும் சேரும் இடத்தை இறுக்கினால் உராய்வு சுழற்சியைத் தின்னும், தளர்த்தினால் நீராவி கசிந்துவிடும்.

பிஸ்டனும் சிலிண்டரும் இல்லாமலில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அதே ஊரின் க்டெசிபியஸ் அவற்றைக் கொண்டு நீர் இறைக்கும் பம்பு செய்துவிட்டார். ஆனால் 1712இல் இங்கிலாந்தில் நியூகொமனின் நீராவி எந்திரம் ஓடியதற்குப் பின்னால் வேறு பல சேர்மானங்கள் இருந்தன. அந்த எந்திரத்தின் பிஸ்டனை அழுத்தியது காற்றின் எடைதான்; காற்றுக்கு எடை உண்டு என்று 1643இல் இத்தாலியின் டாரிசெல்லி காட்டியிருந்தார். நீர் புகுந்து மூழ்கும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன, எரிக்க நிலக்கரி அந்தச் சுரங்க வாசலிலேயே கிடந்தது. நல்ல மரத்துக்கே தட்டுப்பாடான எகிப்தில் இதில் எது இருந்தது? ஹெரோனிலிருந்து ரயிலுக்குப் போகும் கதை, நடுவில் பத்துப் படிகளைத் தாண்டிக் குதிக்கிறது.

அடுத்தது ஆன்டிகிதெரா பெட்டி, வானத்தின் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் பற்சக்கரப் பெட்டி. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும். 1901இல் கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே, கடல்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர்கள் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த வெண்கலக் கட்டி அது. இன்று ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது, அவற்றுக்குள் 30 பற்சக்கரங்கள். அதில் ஒன்று உள்ளங்கை அகலம்தான், சுற்றிலும் 223 பற்கள். ஒரு பல்லுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடம். 223 ஏன்? அத்தனை சந்திர மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்களின் வரிசை திரும்ப வருகிறது. வானத்தின் ஒரு கணக்கை எவனோ ஒரு கைவினைஞன் உலோகத்தில் பல் பல்லாக வெட்டி வைத்திருக்கிறான். நிலவு சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் நகர்வதைக் காட்ட, மையம் சற்றே விலகிய இரண்டு சக்கரங்களில் ஒன்றின் முளையை மற்றதன் பிளவில் ஓடவிட்டிருக்கிறான்.

அறிவின் உயரத்தில் மூன்றிலும் முதலிடம் இதற்குத்தான். ஆனால் மாற்று வரலாற்றுக்குத் திருப்புமுனையாகுமா? முக்கோணப் பற்கள் பாரம் தாங்காது. கிரகண நாள் தெரிய வேண்டியவருக்குப் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய அட்டவணை போதும், மலிவும்கூட. இந்தக் கிளையைப் பிடித்துப் போனால் கடிகாரம் வரை வரலாம். ஆலைக்கு இதில் வழியில்லை.

மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இன்றைய துருக்கியில், பாமுக்கலே வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகிலுள்ள ஹியெராபொலிஸில் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அம்மியானோஸ் என்ற கைவினைஞருடையது. மூடியில் ஒரு நீர்ச்சக்கரம், பற்சக்கரங்கள், கல்லை அறுக்கும் இரண்டு ரம்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சக்கரத்தின் சுழற்சியை ரம்பத்தின் முன்னும் பின்னுமான ஓட்டமாக மாற்றுவது கிராங்கும் (சக்கரத்தோடு சுழலும் மையம் விலகிய முளை) தண்டும். வீட்டில் கால் தையல் மெஷின் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிதிபலகையையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் அந்த இரும்புத் தண்டு இதையே தலைகீழாகச் செய்கிறது. முதல் மிதிக்குச் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளாவிட்டால் பின்பக்கம் சுற்றி நூலை அறுத்துவிடும்.

இதைப் பார்த்தவன் கேட்டிருப்பான். கேட்டும் இருக்கிறார்கள்: எபேசு, ஜெராஷ் நகரங்களில் 6ஆம் நூற்றாண்டு ரம்ப ஆலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அடிமைகள் இருந்ததால் ரோமர்களுக்கு எந்திரம் தேவைப்படவில்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தெற்கு பிரான்சின் பார்பெகாலில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக 16 நீர்ச்சக்கரங்களை வைத்து மாவரைத்தவர்கள் அவர்கள்.

ஆகவே மாற்று வரலாறு எழுதப் போகிறவர் ஹியெராபொலிஸில் தொடங்குவதே நல்லது. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: ரம்பத்தைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டில் இரும்புலைத் துருத்தியை மாட்ட வேண்டும். சீனத்தின் நன்யாங்கில் கி.பி. 31இல் து ஷி என்ற அதிகாரி நீர்ச்சக்கரத்தால் துருத்தி ஊதவைத்துக் கலப்பைக்கொழு முதலிய உழவுக் கருவிகள் வார்க்கச் செய்தார். அங்கே வார்ப்பிரும்பு முன்பே பழகிய தொழில். ரோமக் கொல்லனின் உலையிலோ இரும்பு உருகி ஓடாது, கசடு கலந்த பஞ்சுபோல் திரளும், அதை அடித்து அடித்துத்தான் கம்பியாக்க வேண்டும். விடாமல் ஊதும் துருத்தியும் உயரமான உலையும் வாய்த்தால் கரி ஏறிய இரும்பு சுமார் 1,150 டிகிரியிலேயே உருகிவிடும். பின்னாளில் ஐரோப்பாவில் உலைகளைப் பெரிதாக்கியதும் நீர்ச்சக்கரத் துருத்திதான். இரும்பு வார்க்கத் தெரிந்தபின் பெரிய சிலிண்டர், கனமான பற்சக்கரம் எல்லாம் அடுத்த சில தலைமுறைகளின் வேலை.

என் கதையில் அம்மியானோஸுக்கு ஒரு மாணவன் உண்டு. ஆசான் இறந்த வருடம் பளிங்குக்கு ஆர்டர் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரம் சும்மா சுற்றுகிறது, பக்கத்துப் பட்டறையில் துருத்தி மிதிக்கும் பையன் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான்.