ஜிக்சாவும் நானும்: நாலு வருஷம், ரெண்டு சப்வூஃபர் பெட்டி

தங்கச்சி மகன் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, காருக்கு சப்வூஃபர் பெட்டி நானே செய்யப் போறேன். எந்த ஜிக்சா வாங்கட்டும்?" போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. கையில் பிடித்து மரப்பலகை வெட்டும் அந்த ரம்ப மிஷினை நினைத்தாலே நல்லதும் கோபமும் சேர்ந்தே வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

முதல் பெட்டியை 18 எம்எம் எம்டிஎஃப் பலகையில், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகையில், என் ஜிக்சாவால் வெட்டிச் செய்தேன். 'பாஸ்' என்கிற தாழ்ந்த ஒலிக்கான 12 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர், காற்று வெளியே போகாத மூடிய பெட்டி, உள்ளளவு 35 லிட்டர். எம்டிஎஃப்பை நான் குறை சொல்ல மாட்டேன். முடிச்சு கிடையாது, ரேகை கிடையாது, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே மாதிரி வரும். ஓரத்தில் மட்டும் முதலில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டையில் நின்ற காரின் டிக்கிக்குள் தண்ணீர் ஏறி, அடிப்பலகை டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. அதற்குப் பலகை என்ன செய்யும்? வெட்டிய ஓரங்களுக்கு சீலர் அடிக்காமல் விட்டது நான்.

ஆனால் வெள்ளத்துக்கு முன்பே, ரெண்டு வருஷம் முழுக்க அந்தப் பெட்டி என்னைப் படுத்தி எடுத்தது. பாஸ் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சுச் சத்தம். நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் போகும்போது டயர் சத்தத்தில் தெரியாது. வண்டி நின்றால் அது மட்டும்தான் கேட்கும். நம்ம ஊர் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குடத்தை அடித்தால் வயிற்றில் வந்து விழுமே, அந்தக் 'கும்'. குடத்தில் மயிரிழை கீறல் இருந்தால் போதும், அது செத்துவிடும். என் பெட்டியும் அப்படித்தான் இருந்தது.

சிலிக்கான் பூசினேன். வயர் மாட்டும் டெர்மினலைக் கழற்றி ரப்பர் வைத்தேன். கடைசியில் 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சின்னதாக ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டு மூட்டாகக் காட்டிப் பார்த்தேன். நேராக எழும்பிய புகை இடது பக்க மேல் மூலையில் வந்ததும் நடுங்கி உடைந்தது. சரி, பசை போதவில்லை என்று நினைத்து அங்கேயும் பூசினேன். ஒரு மாதத்தில் பக்கத்திலேயே இன்னொரு இடம் ஊதியது.

வெள்ளத்துக்கு அப்புறம் தண்ணீர் தாங்கும் 710 முத்திரை உள்ள பிளைவுட் வாங்கி, அதே ஜிக்சாவால் ரெண்டாவது பெட்டிக்கு வெட்டினேன். ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் இரவல் கேட்டு, பாளையங்கோட்டையில் தெரிந்த ஆசாரி பட்டறைக்குப் பலகைகளோடு போனேன். அவர் கிளாம்ப்பை எடுக்கவில்லை. செங்கோணம் பார்க்கும் இரும்பு மூலைமட்டத்தை எடுத்து, நான் வெட்டிய ஓரத்தில் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம். மேலே நூலளவு, கீழே வர வர அகலம்.

"தம்பி, பிளேடு அடியில வளைஞ்சிருக்கு. மேல இருந்து பாத்தா கோடு சரியாத்தான் தெரியும். இத ஒட்டுனா வெளிய சேரும், உள்ள சேராது."

ரெண்டு வருஷம் நான் பசையையும் சிலிக்கானையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜிக்சா பிளேடுக்கு மேலே மட்டும்தான் பிடி. கனமான பலகையில் தள்ளி வெட்டினால் கீழ்முனை ஒதுங்கிப் போகும். ஃபெவிகால் ரெண்டு மரம் முழுசாக ஒட்டி உட்காரும் இடத்தில் இரும்பு மாதிரி பிடிக்கும். ஆனால் இடைவெளியை நிரப்புவது அதன் வேலை இல்லை.

அவருடைய டேபிள் சாவில், அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பத்தில், ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு சீவல் எடுத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபெவிகால் மரைன் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டேன். உள்ளே நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுத்தேன். மாட்டி முடித்ததும் ஸ்பீக்கரின் கூம்பை விரல் நுனிகளால் மெதுவாக அமுக்கி விட்டால், சட்டென்று துள்ளாமல் நிதானமாக மேலே வருகிறது. ஊதுபத்தி எங்கேயும் நடுங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வெறும் தவிலையே ஒரு மணி நேரம் கேட்டேன்.

இப்போது ஜிக்சாவுக்கு வருகிறேன். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை. மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ்கூட மாற்றவில்லை. கை நடுங்காது, பிளேடு மாற்ற ஸ்பேனர் வேண்டாம். சப்வூஃபருக்கு வட்டம் வெட்ட இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. வட்டத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஸ்பீக்கரின் விளிம்பும் ரப்பரும் மூடிவிடும். கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லாமல் உழைத்த மிஷின்.

ஆனாலும் மருமகனே, வாங்காதே. பலகையை டேபிள் சா இருக்கும் இடத்தில் நேர்வெட்டு வெட்டி வாங்கிக்கொள். ஜிக்சா காசுக்கு நல்ல கிளாம்ப் நாலும் ஒரு மூலைமட்டமும் வாங்கு. வட்டம் வெட்டுகிற அன்றைக்கு வீட்டுக்கு வா, என்னுடையதை எடுத்துக்கொண்டு போ.