காவல் நிலையத்துக்கு உடன் வந்த சமூகப் பணியாளர்: சகி மையச் சேவை பற்றி

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், கணவனின் அடி தாங்காமல் 181 மகளிர் உதவி எண்ணை அழைத்தபின், அவருக்குத் துணையாகக் கொங்கு மண்டலத்து மாவட்டம் ஒன்றின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குச் சென்றேன். மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு ஒரே கூரையின்கீழ் இலவசமாக வழங்குவதற்காக 2015 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது.

"மொதல்ல தண்ணி குடி கண்ணு, அப்பறம் பேசிக்கலாம்" என்ற சமூகப் பணியாளர், அரை மணி நேரம் பேனாவைத் தொடாமல் கேட்டார். பிறகு காவல் நிலையத்துக்கும் உடன் வந்து, நடந்ததை அப்பெண் ஒவ்வொரு மேசையிலும் புதிதாகச் சொல்லி அழ நேராதபடி, தாம் எழுதிய குறிப்பைக் காட்டி உதவி ஆய்வாளரிடம் பேசினார். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நகல் கைக்கு வரும்வரை அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. (சீருடைக்கு முன் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.)

குறையும் உண்டு. மையத்தில் ஐந்து நாள்வரை தங்கலாம் என்றாலும், குழந்தைக்குப் பால் காய்ச்ச அங்கே அடுப்பில்லை; இரவு பத்து மணிக்கு நான்தான் பேக்கரிக்கு ஓடினேன்.